காக்காவுக்குச் சோறு, காவல் சாமிக்கு ஃபாண்டா

பாஸ்போர்ட் எடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதுவரை அது எனக்குப் பயன்பட்டது ஒரே ஒரு தடவைதான். சிம் கார்டு வாங்கப் போனபோது ஆதார் அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன், அதற்கு. அதில் முதல் முத்திரை விழுந்தது 2024 டிசம்பரில். பி.காம். ஐந்தாவது செமஸ்டர் முடிந்த கையோடு பாங்காக் கிளம்பினேன்.

பெரியப்பா பெண் அங்கே ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறாள். "டிக்கெட்டை மட்டும் நீ போட்டுக்கோ, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் போனபோது இந்தியர்களுக்கு விசாவும் தேவைப்படவில்லை. சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரத்துக்குள் விமானம் இறங்கிவிட்டது. திருச்சியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் வந்ததுதான் அதைவிட இரண்டு மடங்கு நேரம்.

திரும்பி வந்ததும் வகுப்பில் பையன்கள் எல்லோரும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். என்ன கேள்வி என்று நான் எழுத வேண்டியதில்லை. நண்பர்களே, பத்து நாளும் அக்கா கூடவே இருந்தாள் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன் :-)

நான் எழுத நினைப்பது வேறு ஒன்று. ஒரு ஊரின் பழக்கவழக்கத்தைப் பார்க்கப் போய், என் வீட்டில் நான் பேசிய பேச்சு ஒன்று எனக்கே திரும்பி வந்த கதை.

543 வருட பாக்கி

முதல் அதிர்ச்சி கடை பில்லில். இறங்கிய அன்று இரவு தண்ணீர் பாட்டில் வாங்கினேன். பில்லில் வருடம் 2567 என்று இருந்தது. காமர்ஸ் மாணவனுக்குத் தேதிதான் முதலில் கண்ணில் படும். மெஷினில் கோளாறு என்று நினைத்து அக்காவிடம் காட்டினேன். சிரித்தாள். அங்கே புத்தர் பரிநிர்வாணம் அடைந்ததிலிருந்து கணக்கு. நம் ஆண்டோடு 543-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். அரசு ஆவணம், பில், பால் பாக்கெட் எல்லாவற்றிலும் இதுதான் புழங்குகிறது. "முதல் மாசம் வந்தப்ப ஒரு இன்வாய்ஸைப் பாத்துட்டு, கட்ட இன்னும் 500 வருஷம் டைம் இருக்குன்னு நெனச்சேன்" என்றாள்.

இரண்டாவது, அவர்கள் கூப்பிடும் விதம். தன்னைவிட மூத்தவர் என்றால் 'பீ', இளையவர் என்றால் 'நோங்'. பெயர் தெரிந்தாலும் பெயருக்கு முன்னால் இது வந்துவிடும். சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் பெண்ணை 'நோங்' என்கிறார்கள், டாக்சி ஓட்டுபவரை 'பீ' என்கிறார்கள், கொஞ்சம் வயதானவர் என்றால் 'லுங்', அதாவது பெரியப்பா, மாமா மாதிரி. இதை அக்கா ஏதோ பெரிய அதிசயம் போல விளக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரு அதிசயமும் தெரியவில்லை. "அண்ணே, ஒரு டீ", "தம்பி, சில்லறை இருக்கா" என்று கேட்டே வளர்ந்தவன். அதிசயப்பட வேண்டியவர்கள் 'எக்ஸ்கியூஸ் மீ' நாட்டுக்காரர்கள்.

முகம் தெரியாத ஆளைக்கூட உறவாக்கிவிட்டுத்தான் அவர்களுக்குப் பேச்சே வருகிறது. அதில் ஒரு சிக்கலும் உண்டு. எதிரில் இருப்பவரின் வயது தெரியாவிட்டால் பேச்சு தடுமாறும். அதனால் அறிமுகமான கொஞ்ச நேரத்திலேயே வயதைக் கேட்டுவிடுகிறார்கள். அக்காவிடம் அலுவலகத்தில் முதல் நாளே கேட்டார்களாம். சென்னையில் கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். அங்கே சமர்த்தாகச் சொல்லியிருக்கிறாள்.

கால் நீட்டிய கதை

இரண்டாம் நாள் வாட் போ கோயிலுக்குப் போனோம். சயனக் கோலத்தில் புத்தர், 46 மீட்டர் நீளம். ஸ்ரீரங்கத்து ஆளுக்குப் படுத்திருக்கும் சாமி புதிதில்லை, ஆனால் இந்த நீளம் புதிது. பாதங்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். சுவரோரம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போக வேண்டும். மண்டபம் முழுக்க 'டிங் டிங்' என்று ஓயாத சத்தம்.

நடந்து நடந்து கால் வலி. பக்கத்தில் ஒரு சின்ன சன்னிதியில் கூட்டமில்லை, தரையில் விரிப்பு, ஃபேன் காற்று. உட்கார்ந்து, அப்பாடா என்று காலை நீட்டினேன். நீட்டிய திசையில் புத்தர் இருந்தார்.

எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி. நம் ஊராக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "எந்த ஊருடா நீ? சாமி பக்கம் காலை நீட்டிக்கிட்டு!" என்று பிரகாரம் முழுக்கக் கேட்டிருக்கும். அந்தப் பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். தன் முழங்காலை இரண்டு தட்டு தட்டினார். இரண்டு காலையும் ஒரு பக்கமாகப் பின்னால் மடக்கி உட்காருவதை எனக்காக மெதுவாக ஒருமுறை செய்து காட்டினார். அவ்வளவுதான். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குக் காது வரை சூடேறியது. ஏனென்றால் இந்த விதி எனக்குத் தெரியாததில்லை. தலை உயர்ந்தது, கால் தாழ்ந்தது என்பதுதான் தாய்லாந்தின் பாதி மரியாதை. குழந்தையாக இருந்தாலும் தலையைத் தொடக்கூடாது. காலால் எதையும் சுட்டிக்காட்டக்கூடாது. கீழே விழுந்த ரூபாய் நோட்டைக் காலால் அழுத்தி நிறுத்தக்கூடாது, அதில் ராஜா படம் இருக்கிறது. புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டிலிருந்து வந்தவனுக்கு இதில் எது புதிது?

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்த ஊரில் இந்த விதிகள் ஒவ்வொன்றையும் நான் தேடித் தேடிக் கற்றுக்கொண்டேன். கிளம்பும் முன்பே இணையத்தில் படித்து ஒரு பக்கம் குறிப்பு எடுத்திருந்தேன். ஊரில் இதே விதியை அப்பாயி சொன்னபோது, "ஏன், கால் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டிருக்கிறேன்.

சிவப்பு ஃபாண்டா

பாங்காக்கில் எந்தத் தெருவில் நடந்தாலும் இதைப் பார்க்கலாம். வீடு, வங்கி, மால், பெட்ரோல் பங்க் என்று எதன் முன்னாலும் ஒரு தூண் மேல் பொம்மை வீடு மாதிரி ஒரு குட்டிக் கோயில். சான் பிர பூம் என்று பெயர். நிலத்துக்குச் சொந்தக்காரரான காவல் தெய்வத்தின் வீடு. நாம் அந்த மண்ணில் கட்டடம் கட்டி அவரை இடம்பெயர வைத்துவிட்டோமே, அதற்கு மாற்று வீடு. நில ஆர்ஜிதத்துக்கு நஷ்ட ஈடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் மனுஷனுக்கே அது ஒழுங்காகக் கிடைப்பதில்லை.

தினமும் காலையில் அங்கே படையல். பூமாலை, ஊதுபத்தி, சோறு, பழம், கூடவே சிவப்பு நிற ஃபாண்டா. பாட்டிலைத் திறந்து ஸ்ட்ரா போட்டு வைக்கிறார்கள். சாமி எப்படிக் குடிப்பார் என்று யோசித்திருக்கிறார்கள் பாருங்கள், அந்த ஸ்ட்ராவில்தான் நான் விழுந்தேன். படம் எடுத்துத் தள்ளினேன். நிதி நிறுவனங்கள் இருக்கும் நாற்பது மாடிக் கட்டடத்துக்கு முன்னால், கோட் போட்ட ஒரு பெண் வேலைக்குப் போகும் அவசரத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு, பாட்டிலைத் திறந்து வைத்து, கும்பிட்டுவிட்டு லிஃப்டுக்கு ஓடுகிறாள். "எவ்வளவு அழகான கலாச்சாரம்!" என்று போட்டு அன்றே இன்ஸ்டாகிராமில் ஏற்றினேன்.

அக்கா என் போனை எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சித்தப்பா காக்காவுக்குச் சோறு வச்சப்ப என்னடா சொன்ன?"

நண்பர்களே, இப்போது அந்தக் கதைக்கு வர வேண்டும்.

தாத்தா இறந்ததிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் அப்பா சாப்பிடாமல் இருந்து, வாழையிலைத் துண்டில் சோறும் பருப்பும் வைத்து மாடிக்கு எடுத்துப் போவார். "கா, கா" என்று கூப்பிடுவார். சில நாள் உடனே வரும். சில நாள் அரை மணி நேரமானாலும் வராது. அவர் வெயிலில் நின்றுகொண்டே இருப்பார். கிளம்புவதற்கு முந்தின அமாவாசை அன்று, எனக்குப் பசி, டியூஷனுக்கு வேறு நேரமாகிவிட்டது. "ஒரு பறவை வந்து கொத்துறதுக்காக நாலு பேர் பட்டினி கிடக்கணுமா? எந்தக் காலத்துலப்பா இருக்கீங்க? இதெல்லாம் மூடநம்பிக்கை" என்றேன். பெரியப்பா குடும்பமும் வந்திருந்த நாள் அது. அப்பா பதில் சொல்லவில்லை. "நீ சாப்பிட்டுக் கிளம்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி மாடிக்குப் போய்விட்டார்.

அந்த விஷயம் போனில் பாங்காக் வரை போயிருக்கிறது. குடும்பம் என்றால் அப்படித்தான்.

"இங்க சாமிக்கு ஸ்ட்ரா போட்டுக் குடுத்தா கலாச்சாரம். அங்க காக்காவுக்குச் சோறு வச்சா மூடநம்பிக்கையா?" என்றாள் அக்கா.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பட்டிமன்றத்தில் இரண்டு முறை பரிசு வாங்கிய வாய் அது. ஒன்றும் வரவில்லை.

விருந்தாளிக்கு எல்லாம் அழகு

அன்று சாயங்காலம் சீலோம் சாலையில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். 19-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் கட்டிய கோயில். கோபுரம், அர்ச்சனை, குங்குமம் எல்லாம் நம் ஊரேதான். ஆனால் உள்ளே பார்த்தால் பெரும்பாலும் தாய்லாந்துக்காரர்கள். நம் ஆட்களைவிடப் பக்தியாகக் கையைக் குவித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். இந்தக் கோயிலுக்கு ஊரில் வழங்கும் பெயர் வாட் கேக். 'கேக்' என்பது இந்தியர்களைக் குறிக்க அங்கே புழங்கும் சொல். அதன் நேர்ப் பொருள் விருந்தாளி.

அந்தச் சொல்தான் எனக்குப் பதில் சொன்னது. நான் அந்த ஊரில் விருந்தாளி. விருந்தாளிக்கு எந்த வழக்கமும் அழகாகத்தான் தெரியும், ஏனென்றால் அவன் அதற்கு ஒரு பைசா செலவு செய்வதில்லை. ஃபாண்டா வாங்குவது நானில்லை. அதிகாலையில் எழுந்து மாலை கட்டுவதும் நானில்லை. நான் படம் மட்டும் எடுப்பேன். ஊரில் அப்படியில்லை. அங்கே நான் பங்குதாரர். என் பசி, என் நேரம், என் டியூஷன் எல்லாம் செலவுக் கணக்கில் வருகிறது. கையிலிருந்து காசு போகும்போதுதான் நமக்குப் பகுத்தறிவு வருகிறது!

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதே தெருவில் வெள்ளைக்காரர்கள் சிலர் நம் மாரியம்மனைப் படம் எடுக்க வாசலில் காத்திருந்தார்கள். முகத்தில் நான் ஃபாண்டாவைப் பார்த்த அதே பரவசம். அவர்களுடைய ஊரில் அவர்களும் தங்கள் அப்பாவோடு ஏதாவது ஒன்றுக்குச் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

பழசு என்பதால் மட்டும் அல்ல

அப்படியானால் எந்த வழக்கத்தையும் கேள்வியே கேட்கக்கூடாதா? "நம்ம முன்னோர்கள் ஒண்ணும் முட்டாள்கள் இல்லை" வாட்ஸாப் கோஷ்டியில் நானும் சேர்ந்துவிட வேண்டியதுதானா? அங்கேதான் எனக்கு இன்னொரு விஷயம் தெரியவந்தது.

கை குவித்து 'சவாதீ' என்று சொல்வதுதானே தாய்லாந்தின் அடையாளம்? இளையவர் முதலில் கும்பிட வேண்டும். எதிரில் இருப்பவர் பெரியவர் ஆக ஆகக் குவித்த கை மேலே ஏறும், பிக்குவுக்கு நெற்றி வரை. கும்பிடுவது பழைய வழக்கம்தான். ஆனால் 'சவாதீ' என்ற சொல்லுக்கு நூறு வயதுகூட ஆகவில்லை. சுலலாங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் பிரயா உபகித் சில்பசார்ன் என்ற பேராசிரியர் 1930களில் 'ஸ்வஸ்தி' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து உருவாக்கியது. 1943-ல்தான் அரசாங்கம் அதை அதிகாரபூர்வ வணக்கச் சொல்லாக ஆக்கியது. ஒரு வாத்தியார் வகுப்பறையில் ஆரம்பித்ததை இன்று ஒரு நாடே சொல்கிறது.

காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ஸ்டேஷனிலும் பூங்காவிலும் தேசிய கீதம் ஒலிக்கிறது. ஓடுகிறவர்கள்கூட நின்றுவிடுகிறார்கள். முதல் நாள் பார்த்தபோது, யாரோ ரிமோட்டில் 'பாஸ்' பட்டனை அழுத்தியது போல இருந்தது. அதற்கும் வேர் 1939-ல் பிபுன் சொங்கிராம் அரசு போட்ட கலாச்சார ஆணைகளில் இருக்கிறது. நாட்டின் பெயரை சியாமிலிருந்து தாய்லாந்து என்று மாற்றியதும் அதே ஆண்டில், அதே ஆள். வருடப் பிறப்பு ஜனவரி 1-க்கு மாறியது 1941-ல். அதே காலத்தில்தான் வெற்றிலை போடுவதற்கும் தடை வந்தது. அதுவரை அவர்களும் நம் அப்பாயிகள் போல வாய் சிவக்கச் சிவக்கப் போட்டுக்கொண்டிருந்தவர்கள்தான்.

மறுபக்கம், உண்மையிலேயே பழையதும் இருக்கிறது. ஏப்ரல் 13 முதல் 15 வரை தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் சொங்கிரான், நம் சித்திரை முதல் நாளுடைய சொந்தக்காரன். சங்கராந்தி என்ற சொல்தான் அது. பெரியவர்களின் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்குவதுதான் அதன் உள்ளடக்கம், தெருவில் துப்பாக்கியால் தண்ணீர் அடிப்பது பின்னால் வந்தது. பெரிய ஊஞ்சல் தூண்களுக்குப் பக்கத்தில் 1784-ல் அமைத்த பிராமணர் கோயில் இருக்கிறது. அங்கே மார்கழி வாக்கில் நடக்கும் சடங்குக்குப் பெயர் திரியம்பாவை திரிபாவை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். மார்கழியில் ஊரில் காலை ஐந்து மணிக்கு ஸ்பீக்கர் போடுகிறார்கள் என்று தலையணையைக் காதில் வைத்து அமுக்கிக்கொள்பவன் நான். அது கடல் தாண்டி ஒரு ராஜாவின் தலைநகரம் வரை போயிருக்கிறது.

ஆக, நூறு வயது ஆகாததும் ஒரு வழக்கம்தான், பல நூறு வயதானதும் ஒரு வழக்கம்தான். இரண்டையும் அந்த மக்கள் ஒரே மனதோடு செய்கிறார்கள். எனவே 'பழசு' என்பது ஒரு வழக்கத்துக்கு ஆதரவான வாதமும் இல்லை, எதிரான வாதமும் இல்லை. அப்படியானால் எதை வைத்து அளப்பது?

வாசலில் நின்றவள்

அதற்கான பதில் சியாங் மாய் நகரத்தில் கிடைத்தது. கசப்பாகத்தான் கிடைத்தது.

பாங்காக்கிலிருந்து இரவு ரயிலில் போனோம். விடிந்ததும் முதலில் பார்த்தது பிக்குகள் பிச்சைக்கு வருவதை. வெறுங்காலோடு வரிசையாக வருகிறார்கள். கொடுப்பவர்கள் செருப்பைக் கழற்றி, சோற்றைப் பாத்திரத்தில் இட்டுவிட்டு மண்டியிடுகிறார்கள். பிக்கு நன்றி சொல்வதில்லை. கொடுத்தவர்தான் கும்பிடுகிறார். வாங்கிக்கொண்டதன் மூலம் அவருக்குப் புண்ணியம் சேர்க்க உதவியவர் பிக்குதானே! பற்று எழுத வேண்டிய இடத்தில் வரவு எழுதியிருக்கிறார்கள். முதல் வருடம் படித்த கணக்குப் பதிவியல் முழுக்கத் தலைகீழாகிவிட்டது. ஆனால் கணக்கு டேலி ஆகிறது, கொடுத்தவர்கள் முகத்தில் தெரிந்தது.

பிறகு வாட் செடி லுவாங் கோயிலுக்குப் போனோம். 1545 நிலநடுக்கத்தில் உச்சி இடிந்து போன பிரம்மாண்டமான செங்கல் கோபுரம் நடுவில் நிற்கிறது. வளாகத்துக்குள் ஒரு சின்ன மண்டபம். இந்தாகின் என்று சொல்கிற நகரத் தூண் அதற்குள் இருக்கிறது. நகரத்தின் காவலே அந்தத் தூண்தான் என்பது நம்பிக்கை.

வாசலில் பலகை. பெண்களுக்கு அனுமதியில்லை.

காரணம், நம் ஊரில் சொல்லும் அதே காரணம்தான். மாதத்தில் மூன்று நாள்.

அக்கா பலகையைப் படித்தாள். "நீ போய்ப் பாத்துட்டு வா" என்று என் பையை வாங்கிக்கொண்டாள். நான் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஆமாம், போனேன். அந்த நிமிடத்தில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்பதுதான் நான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம். ஊரின் வழக்கம், மதிக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே ஓவியங்களைப் பார்த்தேன், கும்பிட்டேன், படம் எடுத்தேன், வெளியே வந்தேன். மூன்று நிமிடம்கூட இருக்காது.

அக்கா வெயிலில், ஒரு கையில் என் பை, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். பத்து நாளாக என் சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும் அறைக்கும் காசு கொடுத்தவள் அவள். அந்த மண்டபத்துக்கு என்னைக் கூட்டி வந்தவளும் அவள்தான்.

"உள்ள என்னடா இருந்துச்சு?"

என்னால் சொல்ல முடியவில்லை. போனை நீட்டினேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். தன் கண்ணால் பார்க்க உரிமையில்லாததை என் போனில் பார்த்தாள்.

"உனக்குக் கஷ்டமா இல்லையா?" என்று கேட்டேன்.

"பழகிடுச்சுடா" என்றாள்.

அந்தப் பதில் சியாங் மாய் பலகையைப் பற்றியது இல்லை. அவள் அந்தக் கோயிலுக்கு வருவதே முதல் தடவை. பிறகு எது பழகியது? அப்பாயி வீட்டுப் பின்கட்டு பழகியிருக்கிறது. சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு எல்லோரும் ஒன்றாக இருப்போம். சில நாள் அக்கா மட்டும் பின்கட்டில், தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாயோடு இருப்பாள். "அக்காவைத் தொடாதே" என்பார்கள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. கிரிக்கெட் விளையாட ஒரு ஆள் குறைகிறதே என்பதுதான் என் ஒரே வருத்தம். காக்கா சோற்றுக்குப் பகுத்தறிவு பேசியவன், பின்கட்டுக்கு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏனென்றால் அந்தச் செலவு என் கணக்கில் எழுதப்படவில்லை.

யார் கணக்கில்?

எனக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான். ஒரு வழக்கத்தைப் பார்த்தால், இது எவ்வளவு பழசு, இதில் அறிவியல் இருக்கிறதா, நமக்கு இதில் நம்பிக்கை உண்டா என்பதெல்லாம் அப்புறம். முதலில் கேட்க வேண்டியது, இதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? செய்பவரே கொடுக்கிறாரா, அல்லது வேறு யார் தலையிலாவது எழுதப்படுகிறதா?

அந்தக் கோட் போட்ட பெண் தன் சம்பளத்தில் ஃபாண்டா வாங்குகிறாள். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அப்பா தன் பசியில் காக்காவுக்காகக் காத்திருக்கிறார். (எனக்குப் பசித்தால் நான் சாப்பிடலாம் என்றுதானே சொன்னார்?) தாத்தா இருந்தவரை அவரோடு உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. மாதத்தில் ஒரு நாள் மாடியில் அரை மணி நேரம் நிற்பது அந்த பாக்கியைக் கட்டுவதாக இருக்கலாம். அதைக் கேள்வி கேட்க நான் யார்?

ஆனால் பின்கட்டும் பலகையும் வேறு. அங்கே பக்தி ஒருவருடையது, செலவு இன்னொருவருடையது. தனி டம்ளர் எந்தக் காரணத்துக்காக, யாருக்காக வைக்கப்பட்டாலும் இதே கணக்குத்தான், நம் ஊர் டீக்கடை வரலாறு தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட வழக்கத்தைக் 'கலாச்சாரம்' என்ற தலைப்பில் எழுதி மூடிவிட முடியாது. ஆடிட்டில் மாட்டும்.

"அடுத்தவன் நாட்டு வழக்கத்தைக் குறை சொல்ல நீ யார்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் பலகையைக் கழற்றச் சொல்லி நான் அங்கே கோஷம் போடவில்லை, போடவும் கூடாது. அது அந்த ஊர்ப் பெண்களும் ஆண்களும் பேசித் தீர்க்க வேண்டியது. அவர்களுக்கு மாறத் தெரியாது என்றும் நான் நினைக்கவில்லை. நான் ஊர் திரும்பிச் சில வாரங்களில், 2025 ஜனவரி 23 அன்று, ஒரே பாலினத்தவர் திருமணம் அங்கே சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்கு ஆசியாவில் முதல் நாடு. ஒரு வாத்தியார் உண்டாக்கிய வணக்கத்தை ஏற்றுக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு ஒரு பலகையைக் கழற்றவும் ஒருநாள் தெரியும்.

ஆனால் உள்ளே போவதா வேண்டாமா என்பது என் முடிவு. அக்காவோடு வெளியே நின்றிருக்கலாம். அப்படிச் செய்தால் அந்த ஊர் வழக்கமும் மீறப்பட்டிருக்காது. அதை யோசிக்க எனக்கு மூன்று நிமிடம் தாமதமாகிவிட்டது.

ஊர் திரும்பியபின் வந்த அமாவாசைக்கு நானும் மாடிக்குப் போனேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை, இலையை என் கையில் கொடுத்தார். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. தாத்தாதான் காக்காவாக வருகிறார் என்று யாராவது சொன்னால் இப்போதும் மறுப்பேன். ஆனால் "கா, கா" என்று கூப்பிட்டேன். இருபது நிமிடம் கழித்து ஒன்று வந்தது. அந்த இருபது நிமிடத்தில் அப்பா, தாத்தா சைக்கிளில் அரிசி மூட்டை கட்டிக்கொண்டு வந்த கதையைச் சொன்னார். நான் அதுவரை கேட்டிராத கதை.

சாப்பிடும்போது, பின்கட்டு விஷயத்தை எடுத்தேன். சித்தப்பா பெண் இப்போது எட்டாவது படிக்கிறாள். அடுத்த கோடையில் அவளுக்குத் தனித் தட்டு வைக்கக்கூடாது என்றேன். அப்பாயி எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இன்னும் பிடிபடவில்லை. அப்பா கையைக் கழுவிக்கொண்டே, "பேசுவோம்" என்றார்.

பேசுவோம் என்றால் எங்கள் வீட்டில் 'முடியாது' என்றும் அர்த்தம், 'பார்க்கலாம்' என்றும் அர்த்தம். கோடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் விடுவதாக இல்லை.